ஒற்றைப்படை செகண்டு

ஒரு செகண்டுக்கு நம் பக்கம் எந்த மரியாதையும் கிடையாது. பஸ் இதோ வந்துவிடும் என்றால் கால் மணி நேரம். தோ வரேன் என்று ஒருவன் சொன்னால் அன்றைக்கு அவன் வரமாட்டான் என்று அர்த்தம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த அருள்மொழியிடம், உங்கள் புரோகிராம் எங்கள் கோப்புகளில் ஒரு செகண்டைத் தின்றுவிடுகிறது என்று எவனோ புகார் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? சிரித்தாள். வில்லியனூரில் தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவள் அவள். கோப்புகளைச் சேர்த்து ஜிப் மூட்டையாகக் கட்டுவதும், கட்டிய மூட்டையை அவிழ்ப்பதும்தான் அவள் எழுதுகிற புரோகிராமின் வேலை. புகாருக்குக் கீழே, 'இது பிழை இல்லை, ஜிப் என்றால் இப்படித்தான்' என்று எழுதி மூடிவிட்டு மகளுக்குத் தோசை வார்க்கப் போய்விட்டாள்.

அவள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இடத்தை ரேஷன் அரிசி மாதிரி அளந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது ஜிப்பை உண்டாக்கியவர்கள், நேரத்தைக் குறிக்க இடம் போதாமல் செகண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துவிட்டார்கள். ஜிப் மூட்டைக்குள் ஆறாவது செகண்டு உண்டு, எட்டாவது உண்டு, ஏழாவது கிடையாது. ஏழாவது செகண்டில் எழுதிய கோப்பு ஆறின் மடியில் உட்கார்ந்துதான் பிரயாணம் போக வேண்டும். போய் இறங்கிய பிறகு, இந்த இரண்டில் எது முந்தி எது பிந்தி என்று கேட்டால் மூட்டைக்குத் தெரியாது.

இது தை மாதம் நடந்தது. மாசியில் அதே புகாரை அவளே தேடித் திறந்து, கொடுத்தவனிடம் மன்னிப்புக் கேட்கிற நிலைமை வந்தது. அதற்குக் காரணம் அவள் அப்பா.

அருள்மொழிக்குப் பிறந்த ஊர் குருவிநத்தம். அப்பா பலராமனுக்கு ஆற்றோரமாக மூன்று காணி நிலம், நெல்லும் கரும்பும். போர்வெல்லுக்கு த்ரீ பேஸ் கரண்ட் முறை வைத்து வரும், அந்த முறையும் அடிக்கடி மாறும். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் மோட்டார் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைப்பது பலராமன் வழக்கம். மழை வந்தால் கணக்கு கரைந்து போகும். அருள்மொழி என்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கையில், படித்த படிப்புக்கு வீட்டுக்கு ஏதாவது உபகாரம் செய்வோமே என்று அப்பாவின் போனுக்கு ஒரு ஆப் எழுதிக் கொடுத்தாள். 'கரண்ட் நோட்டு' என்று பேர் வைத்தாள்.

அவருக்கு மண்வெட்டி பிடித்த விரல். ஒன்றைத் தொட்டால் ஒன்பது அழியும், பிறகு போனைத் திட்டுவார். அதனால் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். அவர் ஒரு வரி எழுதி முடித்ததும் நோட்டு முழுவதும் புதிதாக ஒரு பிரதியாகப் பதியும், பழைய பிரதிகள் அப்படியே இருக்கும். தப்பாக எழுதினால் கடைசி வரியை அழிக்கச் சிவப்பில் ஒரு பட்டன், அழித்ததும் இன்னொரு பிரதி. அவர் கண்ணுக்குக் கடைசிப் பிரதி மட்டும் தெரியும். ராத்திரி போனைச் சார்ஜில் போட்டால், அன்றைக்குச் சேர்ந்த பிரதிகளெல்லாம் ஒரு ஜிப் மூட்டையாகி இன்டர்நெட்டில் அருள்மொழியின் கணக்குக்குப் போய்ச் சேரும்.

"நீ இன்னா அழிச்சாலும் அழியாதுபா. உன் கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான். எல்லாம் ராத்திரி எங்கிட்ட வந்துடும்" என்று அவள் சொன்னாள்.

"நீ பாப்பியா?" என்று கேட்டார்.

"தெனமும் பாப்பேன்" என்றாள். சும்மா சொன்னதுதான். கரண்ட் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தினமும் உட்கார்ந்து யார் பார்ப்பார்கள். ஒரு நாளும் பார்க்கவில்லை.

பலராமன் போனில் பேசுகிற ஜாதி இல்லை. அவருக்குப் போன் என்றால் மிஸ்டு கால். ஒரு ரிங், உடனே கட். பேசக் காசில்லாத காலத்தில் பிடித்த பழக்கம், மாதம் பூராவும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள் என்று கம்பெனிக்காரனே காலில் விழுந்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. சோறு ஆகிவிட்டால் அம்மா ஜெயா அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். வருகிறேன் என்பதற்கு அவர் ஒன்று திருப்பிக் கொடுப்பார். காலேஜ் விட்டு அருள்மொழி வருகிற பஸ் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு ஊர் முனைக்கு வரும். மோட்டாரை நிறுத்திவிட்டு வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்து அவளுக்கு ஒரு ரிங் விடுவார். பஸ்ஸிலிருந்து அவளும் ஒரு ரிங் விடுவாள். ஒரு தடவை, பாவம் ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று எடுத்துப் பேசிவிட்டாள். "எதுக்குடி எடுத்த?" என்று வீடு வரைக்கும் கோபமாக வந்தார்.

அவள் சேவியரைக் கல்யாணம் செய்துகொண்டது 2018 ஆவணியில். சேவியர் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன், நல்ல வேலை, நல்ல பிள்ளை. ஆனால் சேவியரின் அப்பா இதே பலராமனின் நிலத்தில் கரும்பு வெட்டுக்கு வந்தவர். சர்ச்சுக்குப் போகிற குடும்பம் வேறு. இதற்கு மேல் எந்த ஊரிலும் விளக்கம் தேவைப்படாது. பலராமன் அடிக்கவில்லை, வெட்டுவேன் குத்துவேன் என்று கத்தவும் இல்லை. "நான் கூப்டாம இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று மட்டும் சொன்னார்.

அவளும் அவர் பெண்தானே. அந்த வாரமே போன் நம்பரை மாற்றிவிட்டாள். அம்மாவுக்கு மட்டும் புது நம்பரைக் கொடுத்து, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ கொடுத்தால் உன்னோடும் பேசமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கூப்பிட்டால்தானே வரவேண்டும், எப்படிக் கூப்பிடுகிறார் பார்ப்போம் என்ற வீம்பு. வெள்ளிக்கிழமைகளில் அம்மா கோவிலுக்கு என்று வில்லியனூர் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவாள். அப்பா என்னைப் பற்றிக் கேட்டாரா என்று ஒவ்வொரு வெள்ளியும் கேட்கத் தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேட்பாள். "அவுரு ஒண்ணும் சொல்லலடி" என்பாள் அம்மா. பேத்தி பிறந்தபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீம்பு ஒரு வருஷம் தாங்கியது. அதன் பிறகு இருந்தது வெறும் ஏக்கம். சாயங்காலம் ஐந்தரை தாண்டினால் அவளுக்கு எந்த வேலையும் ஓடாது. மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள், மதகு ஞாபகம் வரும். நானே போய் நின்றுவிடலாமே என்று நினைப்பாள். கூப்பிடாமல் போய், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கப்புறம் நினைத்துக்கொண்டிருக்கவும் ஒன்றும் மிச்சம் இருக்காதே என்று பயந்து இருந்துவிடுவாள். இப்படியே வருஷங்கள் போயின.

போன பங்குனியில் ஒரு காலை, மோட்டார் போட வந்த பலராமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சட்டைப் பையில் இருந்த போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அவரும் பிழைக்கவில்லை, போனும் பிழைக்கவில்லை. அருள்மொழி ஊர் முனை மதகருகே சேவியரோடு நின்றாள். பாடை ஆற்றங்கரைக்குப் போவதை அங்கிருந்தே பார்த்தாள். அண்ணன் முத்துக்குமரன் கொள்ளிச்சட்டியோடு கடந்தபோது ஒரு தரம் அவளைப் பார்த்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூப்பிடுகிற ஆளே போய்விட்டார், இனி அந்தப் படியை எந்த ஜென்மத்தில் மிதிப்பது என்று நினைத்துத் திரும்பினாள்.

இந்த மாசியில் அண்ணன் போன் செய்தான். நம்பரை அம்மாவிடம் வாங்கியிருக்கிறான். ஆறரை வருஷத்தில் முதல் பேச்சு, அதுவும் கரண்ட் நோட்டின் பாஸ்வேர்டு கேட்டு. அடுத்த மாதம் அப்பாவுக்கு முதல் வருஷப் படையல் வருகிறது, அவர் கடைசியாக எழுதியதைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறாள் என்றான். சொன்னாள். அண்ணன் தன் போனில் ஆப்பை ஏற்றி மூட்டைகளை இறக்கிக்கொண்டான். அவன் பேச்சை முடித்த கையோடு, அவளும் தன் லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தாள். சாவதற்கு முந்தின நாள் நோட்டு இப்படி இருந்தது:

காலை 6.10 வந்தது. 9.35 போனது. மாலை 3.05 வந்தது. 5.30 போனது. அருளு வூட்டுக்கு வா.

அவள் எத்தனை முறை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அண்ணனைக் கூப்பிட்டு, அப்பா கூப்பிட்டிருக்கிறார் என்றாள். அண்ணன் தன் போனைப் பார்த்துவிட்டு, இங்கே அப்படி வரி இல்லையே என்றான். 5.30 போனது என்பதோடு முடிகிறது என்றான்.

"நீ கம்ப்யூட்டர்காரி. நீ எழுதுன ஆப்பு. இன்னா வேணா பண்ணுவ" என்றான் முத்துக்குமரன். பிறகு அவனுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும், குரலை இறக்கினான். "நான் உன்ன வராதன்னு சொல்லல அருளு. அவுரு வார்த்தைய நான் மீற மாட்டேன். கடைசியா எழுதுனது அதுதான்னு காட்டு, படையலுக்கு நானே வந்து இட்டுகினு வரேன். இல்லன்னா வுட்டுடு."

ஒரே மூட்டை, ஒரு போன், ஒரு லேப்டாப், இரண்டு பதில். அருள்மொழி அந்த நாளின் பிரதிகளைப் பிரித்துப் போட்டாள். ஒன்றில் அந்த வரி இருந்தது, இன்னொன்றில் இல்லை. இரண்டுக்கும் ஒரே நேரம்: 5:41:06. எது கடைசி என்று ஆப்புக்குத் தெரியவில்லை. தெரியாதபோது தெரியாது என்று சொல்ல அதற்கு அவள் சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால் கையில் அகப்பட்டதைக் காட்டியது. அண்ணன் போனில் அது அகப்பட்டது, இவள் லேப்டாப்பில் இது.

அப்போதுதான் தை மாதப் புகார் நினைவுக்கு வந்தது. இரண்டில் ஒன்று ஆறாவது செகண்டில் எழுதியது, மற்றது ஏழாவதில். ஏழை ஆறின் மடியில் உட்கார வைத்தது ஜிப். வரி இல்லாதது முந்தியதென்றால், அப்பா கரண்ட் வரியையும் இந்த வரியையும் சேர்த்தே அடித்து அடுத்தடுத்துப் பதிந்திருக்கிறார், கூப்பிட்டுவிட்டுச் செத்திருக்கிறார். வரி இருப்பது முந்தியதென்றால், எழுதிய வரியை அழித்திருக்கிறார். தன் ஆயுசின் மீதிப் பகுதி முழுவதும் ஒரு செகண்டின் மேல் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புரிந்தது. அந்தப் புகார்க்காரனை நினைத்து வெட்கமாக இருந்தது, புகாரைத் தேடித் திறந்து அவனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள்.

சேவியருக்கு இதில் குழப்பமே இல்லை. லேப்டாப்பில் இருக்கிறதே, அதைக் காட்டிவிட்டுப் போயேன், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு எதற்கு நெய்க்கு அலைகிறாய் என்றான். அவள் அப்பாவை நினைத்து அழுததையெல்லாம் பார்த்தவன், அவன் அப்படித்தான் சொல்வான். அவளுக்கும் ஆசை வராமல் இல்லை. புரோகிராமில் ஒரு வரி மாற்றினால் போதும், அண்ணன் போனிலும் அந்த வரியே கடைசியாக வந்து நிற்கும். அண்ணனால் ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தப் படியேறி உள்ளே போய் அப்பா படத்துக்கு முன்னால் நிற்கும்போது, அவர் கூப்பிட்டாரா என்று அவளுக்கே தெரியாதே. தெரியாமல் நிற்பதற்கு மதகே போதும்.

சனிக்கிழமை காலை, சேவியர் மகளைச் சர்ச்சுப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போனதும், பத்து வருஷத்துக்கு முன் தான் எழுதியதைத் திறந்து உட்கார்ந்தாள். படிக்கப் படிக்கத் தலையில் அடித்துக்கொண்டாள். மூட்டை கட்டுகிற பகுதியை அப்போது எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டியிருந்தாள். அதை எழுதிய புண்ணியவான், ஜிப்பின் குறை தெரிந்து, ஒவ்வொரு கோப்போடும் ஒரு துண்டுச் சீட்டு மாதிரி கூடுதல் குறிப்பைச் சேர்த்து வைத்திருந்தான். அதில் நேரம் செகண்டு பிசகாமல் இருந்தது. அவிழ்க்கிற பகுதி அவள் சொந்தக் கைவேலை. அது அந்தச் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எறிந்துகொண்டிருந்தது. தொலைந்தது என்று நினைத்த செகண்டு தொலையவே இல்லை. அவள்தான் பார்க்கவில்லை.

சீட்டைப் படிக்கிற மாதிரி எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஓட்டினாள்.

வரி இருந்த பிரதி, 5:41:06. வரி இல்லாதது, 5:41:07.

அழித்திருக்கிறார்.

நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. எழுதத் தோன்றியிருக்கிறது, வேண்டாம் என்றும் தோன்றியிருக்கிறது, மறுநாள் போய்விட்டார். சரி, முடிந்தது என்று லேப்டாப்பை மூடப் போனாள்.

மூடவில்லை. தொழில் பழக்கம் ஒன்று உண்டு. புரோகிராமில் கை வைத்தால், அது பழைய கோப்புகள் எல்லாவற்றையும் சரியாக அவிழ்க்கிறதா என்று மொத்தத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஒரே நேரம் என்று இதுவரை காட்டி, இப்போது முந்தி பிந்தி தெரிந்துவிட்ட பிரதிகள் எத்தனை ஜோடி என்று எண்ணச் சொல்லிவிட்டு காபி போடப் போனாள். கரண்ட் வருவதற்கும் போவதற்கும் நடுவில் மணிக்கணக்கில் இடைவெளி, இந்த ஒரு ஜோடியைத் தவிர வேறு ஒன்றும் வராது என்றுதான் நினைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் 187 என்று நின்றது.

புதிய பகுதியில் தப்பு இருக்கிறது என்று நினைத்து ஒரு ஜோடியைத் திறந்தாள். 2022 கார்த்திகை. முதல் பிரதியில், அருளு வூட்டுக்கு வா. அடுத்த செகண்டில் எழுதிய பிரதியில் அது இல்லை. இன்னொன்று திறந்தாள். 2021 ஆடி, அதே வரி, அதே மாதிரி. இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில். பஸ் வருகிற நேரம்.

ஜிப்பில் வேறு வேறு நேரமாக விழுந்ததால் இந்தக் கணக்கில் சேராத ஜோடிகளையும் தேடினாள். எல்லாம் சேர்த்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. முதலாவது 2020 மாட்டுப் பொங்கல் அன்று. மழை நாளில் இல்லை, அறுவடை சமயத்தில் இல்லை, அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்த மாதம் இல்லை. மற்றபடி வாரத்தில் ஒன்றோ இரண்டோ, சில வாரம் நான்கு. எழுதியதற்கும் அழித்ததற்கும் நடுவில் ஒரு செகண்டு, மிஞ்சிப்போனால் இரண்டு.

அப்போது அழுதாள். சேவியர் மகளோடு திரும்பி வந்தபோதும் அழுதுகொண்டுதான் இருந்தாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொரு முறை அவருக்கு மனசு வந்திருக்கிறது, அத்தனை முறையும் மாறியிருக்கிறது. இதைவிட அவர் ஒரேயடியாக வெறுத்திருக்கலாம்.

அண்ணனிடம் போனில் சொல்ல முடியாது என்று பட்டது. சாயங்காலம் ஊர் முனைக்கு வரச் சொல்லிவிட்டு, ஐந்து மணிக்கே மதகில் போய் உட்கார்ந்தாள். கரும்பு வெட்டு முடிந்து வயல் வெறிச்சென்று கிடந்தது. முத்துக்குமரன் வண்டியில் வந்தான். ஆளுக்கு முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. நல்லாக்கிறியா என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

"உன் போன்ல கீறதுதான்ணா சரி. அழிச்சிட்டாரு" என்றாள். அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்.

முத்துக்குமரன் தலையாட்டினான். அவன் முகத்தில் ஜெயித்த களை இல்லை, ஏமாந்தவன் மாதிரிதான் இருந்தான். அவளும் வந்துவிடுவாள் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டானோ என்னவோ. அவள் எழுந்து போயிருக்கலாம். ஆனால் இந்தப் பட்டியலை அவளைத் தவிர இன்னொரு ஆள் பார்க்க வேண்டும் என்று இருந்தது. போனை அவனிடம் நீட்டினாள். எது எழுதிய நேரம், எது அழித்த நேரம் என்று சொன்னாள்.

அவன் மதகில் உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான். மேலே போனான், கீழே வந்தான். ஒரு இடத்தில் நிறுத்தி, இந்தத் தேதியில் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், போனை எதற்கோ தட்டினார், கரண்ட் எழுதுகிறார் என்று நினைத்தேன் என்றான். மறுபடி மேலிருந்து படித்தான்.

"அழிச்சா அழிஞ்சிடும்னா அவுருக்குச் சொன்ன?"

"இல்ல. அழியாதுன்னு சொன்னேன். இன்னா அழிச்சாலும் ராத்திரி எங்கிட்ட வந்துடும்னு சொன்னேன்."

"பாப்பேன்னு சொன்னியா?"

"தெனமும் பாப்பேன்னு சொன்னேன்" என்றாள்.

முத்துக்குமரன் போனை அவள் மடியில் வைத்தான். எழுந்து இரண்டடி நடந்து, வயலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மனசு மாறி அழிக்கிறவன் ஒரு செகண்டுலயா அழிப்பான்? அந்த ஒரு வரிய அடிக்கவே அவுருக்கு அஞ்சு நிமிஷம் ஆவும். அடிச்சிட்டு உடனே சிவப்பு பட்டன். நானூறு வாட்டி அதே மாதிரி." திரும்பினான். "இது மிஸ்டு காலு அருளு. உன் நம்பரு அவுருகிட்ட இல்ல. அதான் இதுல ரிங் வுட்டுக் கட் பண்ணிக்கிறாரு. உங்கிட்ட வந்துடும்னு தெரிஞ்சிதான் பண்ணிக்கிறாரு."

அவள் பட்டியலைப் பார்த்தாள். 5:41:06, 5:41:07. அந்த வீட்டில் ஒரு ரிங் விட்டுக் கட் செய்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. வேண்டாம் என்று சொல்ல யாரும் ரிங் விட்டதில்லை. காலேஜ் படித்த மூளைக்கு ஒரு காலை பூராவும் எட்டாதது, அண்ணனுக்குப் பத்து நிமிஷத்தில் எட்டிவிட்டது. நாலு வருஷம் அவர் இதே கல்லில் உட்கார்ந்து கூப்பிட்டிருக்கிறார். அத்தனையும் அவள் கணக்கில்தான் வந்து கிடந்தது. பஸ் வரும், ஆட்கள் இறங்குவார்கள், இவள் இருக்கமாட்டாள். அவர் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். இவளோ கூப்பிடவே இல்லை என்று வில்லியனூரில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் எடுக்கலண்ணா" என்றாள்.

முத்துக்குமரன் சட்டைத் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வண்டியைத் திருப்பி நிறுத்தி, ஏறு என்றான். படையலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்றாள். கூப்பிட்ட வீட்டுக்கு வர நாள் பார்ப்பார்களா என்றான். ஐந்து நாற்பது பஸ் வழக்கம்போல் பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வந்து, யாரையும் இறக்காமல் போனது.

அவள் வண்டியில் ஏறவில்லை. ஒரு நிமிஷம் இரு என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். நம்பரை மாற்றியபோதும் அப்பா நம்பரை அழிக்கவில்லை. தொட்டியில் விழுந்த போன்தான் செத்தது, சிம்மைத் துடைத்துத் தன் பட்டன் போனில் போட்டு வைத்திருக்கிறாள் அம்மா. அது அவளுக்குத் தெரியும். அழைத்தாள். ஒரு ரிங் போனதும் கட் செய்தாள். வருகிறேன் என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

போனைப் பையில் போட்டுவிட்டு அண்ணன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்புவதற்குள் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். 'அப்பா' என்று பேர் எரிந்தது. ஒரு ரிங் அடித்து நின்றுவிட்டது.

அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும்.